நெருங்காத வெள்ளைச் சோடி

அந்த நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது. வானியல் அட்டவணைகளில் ஒரு நீளமான எண் மட்டும் இருந்தது. பால்வீதியின் நெரிசலுக்குள் மங்கலான ஒரு வெள்ளைப் புள்ளி. நூறு வருஷத்துக்கும் மேலாக அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் யாரும் நின்று கவனிக்கவில்லை. மேகமலை வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யூனிஸ் ஞானதீபம் கவனித்தாள்.

அதுவும் தற்செயல்தான். நொடிக்குப் பல படங்கள் எடுக்கும் புதிய கேமரா ஒன்று வந்திருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு நட்சத்திரம் வேண்டும் என்று இதைத் தேர்ந்தெடுத்தாள். மறுநாள் மத்தியானம் படங்களை ஓடவிட்டுப் பார்த்தபோது அந்தப் புள்ளி சீராக மங்கி மங்கித் தெளிந்தது. முதலில் கேமராவில்தான் கோளாறு என்று நினைத்தாள். பக்கத்து நட்சத்திரங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பழைய படங்களில் இது தெரியாமல் போனதற்குக் காரணம் அவை ஒவ்வொன்றும் பல நிமிஷம் திறந்து வைத்து எடுத்தவை. மங்குவதும் தெளிவதும் ஒரே படத்துக்குள் கலந்துபோயிருந்தன.

அடுத்த அறையில் இருந்த காஜா முகைதீனைக் கூப்பிட்டுக் காட்டினாள். காஜா அவளைவிட ஐந்து வயது மூத்தவர், காயல்பட்டினத்துக்காரர், கணக்கில் புலி. ஏழு நிமிஷத்துக்கு ஒரு முறை ஒன்று மற்றொன்றை மறைக்கிறது, இது ஒற்றை நட்சத்திரம் இல்லை, சோடி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் அதை வெள்ளைச் சோடி என்றே அழைத்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து, அந்தச் சோடி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பது தெரிந்தது.

இதைச் சென்னையில் ஒரு கூட்டத்தில் காஜாதான் விளக்கினார். அறிவியல் துறையின் செயலாளர் கெட்டிக்காரர், ஆனால் வரலாறு படித்தவர். தனக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

"ரெண்டுமே எரிஞ்சு முடிஞ்ச சூரியன்கள் சார்," என்றார் காஜா. "அடுப்பு அணைஞ்ச பிறகும் கங்கு வெளிச்சம் தருமில்லையா, அந்த மாதிரி. ஒண்ணு நம்ம பூமி அளவுதான். ஆனா எடை, சூரியனோட எடையில பாதிக்கு மேல. இன்னொண்ணு அதைவிடப் பெருசு, எடை குறைவு. ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம், நமக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்துல அஞ்சுல ஒரு பங்கு. அவ்வளவு பக்கத்துல, ஏழு நிமிஷத்துல ஒண்ணையொண்ணு சுத்தி வருது."

"முட்டிக்காதா?"

"முட்டிக்கும். அதுதான் விஷயம். இவ்வளவு எடை இவ்வளவு வேகத்துல சுத்தினா சுத்தியிருக்கிற விண்வெளியே அதிரும். அந்த அதிர்வுல சக்தி போயிட்டே இருக்கும். சக்தி போகப் போக ரெண்டும் நெருங்கணும். நெருங்க நெருங்க இன்னும் வேகமா சுத்தணும். ஒரு வருஷத்துல மறைப்பு அரை நிமிஷம் முன்னாடியே வந்திருக்கணும். வரல. ஒரு நொடிகூட முந்தல."

செயலாளர் யூனிஸைப் பார்த்தார். கணக்கில் தவறு இருக்காதா என்று கேட்டார். இரண்டின் எடையையும் மூன்று விதமாக அளந்து பார்த்தாகிவிட்டது, தவறு இல்லை என்றாள் யூனிஸ்.

"அப்ப என்னதான் அர்த்தம்?"

"இழக்கிற சக்தியை யாரோ திரும்ப ஊட்டிக்கிட்டிருக்காங்க," என்றார் காஜா. "அது ரெண்டும் ஒட்டிடாம பிடிச்சு வச்சிருக்காங்க. சும்மா விட்டாலும் ஒட்டுறதுக்கு ரெண்டு லட்சம் வருஷம் ஆகும். அதுக்கே அவங்க காவல் நிக்கிறாங்கன்னா, எப்படிப்பட்டவங்களா இருக்கணும்னு பாருங்க."

செயலாளர் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

சோடி பத்தொன்பது ஒளியாண்டு தூரத்தில் இருந்தது. வானத்தின் கணக்கில் அது பக்கத்து வீடு. இன்று ஒரு ரேடியோ செய்தி அனுப்பினால் முப்பத்தெட்டு வருஷத்தில் பதில் வரலாம். அனுப்ப வேண்டும் என்றார் காஜா. உடனே வேண்டாம் என்றாள் யூனிஸ். அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று அங்கே இருந்து, சோடியை நம்மிடமிருந்து விலக்கி இழுத்துக்கொண்டு போனால், அதன் வெளிச்சம் நம்மை வந்து சேரக் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூடும். நெருங்குவதால் மறைப்பு முந்துவதும், தூரம் போவதால் பிந்துவதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். பார்ப்பவருக்கு எதுவும் மாறாத மாதிரி தோன்றும். ஆனால் அந்த மூன்றாவது ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருக்க முடியாது, வளைந்து திரும்பியே ஆக வேண்டும். நாலு வருஷம் பொறுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கூட்டம் முடிந்து எழும்பூரில் ரயிலுக்குக் காத்திருந்தபோது காஜா அந்தப் பேச்சை மறுபடி எடுத்தார்.

"தலையில சுமையோட ஒருத்தர் நிக்கிறதைப் பார்க்கிறீங்க. ஒரு வார்த்தை கேக்காம கடந்து போயிருவீங்களா யூனிஸ்?"

"சுமையோட நிக்கிறவரைத் திடீர்னு கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பார். அது எனக்குப் பயமா இருக்கு. அதுவும் போக, அங்க ஆளே இல்லன்னா?"

"இல்லன்னா நம்ம செய்தி வீணாப் போகும். அவ்வளவுதானே?"

"இருக்காங்கன்னு உலகத்தையே நம்பவச்ச பிறகு இல்லன்னு ஆனா, நம்ம சொல்லை அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க."

கண்டுபிடித்த இருவரும் கையெழுத்திட்டால்தான் செய்தி போகும் என்று, இதற்காக அறிவியல் துறை அமைத்த குழு முடிவெடுத்திருந்தது. யூனிஸ் கையெழுத்திடவில்லை. காஜா அவளைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. மாதத்துக்கு ஒரு முறை, கேமரா எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது போல, மனசு மாறியதா என்று கேட்பார். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் அவளுக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டலப்பம் கொண்டுவருவார். செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் தயார் செய்துவிட்டார். படமும் வேண்டாம், எண்களும் வேண்டாம். அவர்களுடைய சோடி மறைந்து தெளியும் தாளத்தையே ரேடியோத் துடிப்பாக்கி அவர்களுக்குத் திருப்பி அனுப்புவோம், 'நீங்கள் செய்வதைப் பார்த்தோம்' என்று அதற்குப் பொருள், அது போதும் என்றார்.

மூன்றாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் புறப்பட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார். மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. மகள் ஸபீனாவுக்கு அப்போது மூன்று வயது.

துக்கம் விசாரிக்க யூனிஸ் காயல்பட்டினம் போனாள். காஜாவின் மனைவி ஆமினா அவளைக் கூடத்தில் உட்காரச் சொல்லவில்லை. "ஒரு கையெழுத்துப் போடுறதுக்கு அவங்களை இத்தனை வருஷம் காக்க வச்சிட்டியே," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாலு வருஷம் நிறைந்தது. மூன்றாவது ஒன்று இல்லை என்பது உறுதியானது. யூனிஸ் கையெழுத்திட்டாள். காஜா தயார் செய்த தாளம் அவர் பெயரிலேயே வானத்துக்குப் போனது.

அந்த நாட்களில் உலகம் முழுக்க அதே பேச்சு. சோடியைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்குப் பத்திரிகைகள் தாங்குவோர் என்று பெயர் வைத்தன. பாளையங்கோட்டையில் யூனிஸ் போகும் சபையில் அவர்களுக்காக ஜெபம் பண்ணினார்கள். காயல்பட்டினத்தில் ஒரு தெருவுக்குக் காஜா முகைதீன் பெயர் வந்தது. பிறகு, மெதுவாக, எல்லாரும் மறந்தார்கள். பதில் வருவதற்கு முப்பத்தெட்டு வருஷம் ஆகும் என்றால் யார்தான் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள்? யூனிஸ் ஓய்வுபெற்றாள். சோடியின் நேரத்தைக் குறிப்பதற்கென்றே இருந்த தொலைநோக்கியும் பழசாகி நிறுத்தப்பட்டது.

பதில் வரவேண்டிய வருஷம் வந்தது. ரேடியோத் தட்டுகள் அந்தப் பக்கம் திரும்பிக் காத்திருந்தன. ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. ஐந்து வருஷம் அப்படியே போன பிறகு, புதிதாக ஏவப்பட்ட விண்வெளித் தொலைநோக்கி ஒன்று பல நட்சத்திரங்களோடு வெள்ளைச் சோடியையும் பார்த்தது. மறைப்பு, இருக்க வேண்டிய நேரத்தில் இல்லை. முந்தி வந்தது.

பிடி விட்டுப்போயிருந்தது.

யூனிஸுக்கு அப்போது எழுபத்தேழு வயது. செய்தியைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தாள். அன்று சாயங்காலத்துக்குள் உலகம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. நாம் கூப்பிட்டோம், அவர்கள் கை விட்டார்கள். பயந்து ஓடினார்களா, கவனம் சிதறி அழிந்தார்களா என்பதில் மட்டும்தான் வாதம் நடந்தது. கூப்பிட்டது தவறு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கூப்பிட்ட ஆளுக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு தெருவும் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஸபீனா வந்தாள். முன்னறிவிப்பு இல்லை. வாசலில் வந்து நின்ற நாற்பத்தேழு வயதுப் பெண்மணியை யூனிஸுக்கு அடையாளம் தெரிந்தது காஜாவின் நெற்றியால்தான். காயல்பட்டினத்தில் பிரசவ மருத்துவராக இருந்தாள். தண்ணீர் கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

தெருப் பெயர்ப்பலகையில் தார் பூசிவிட்டார்கள் என்றாள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன செவ்வாய்க்கிழமை நிறைமாதப் பெண் ஒருத்தியை, அவள் மாமியார் பாதிப் பரிசோதனையில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு உலகத்தையே அழித்தவனுடைய மகள் கையில் எங்கள் பிள்ளை பிறக்க வேண்டாம் என்று சொன்னாராம். அந்த மாமியாருக்கே மூன்று பிரசவம் பார்த்தது ஸபீனாவின் ஆசிரியை.

"குழு ஒரு அறிக்கை தயார் பண்ணியிருக்கு," என்றாள். "வாப்பாவோட செய்திதான் காரணம்னு. இனிமே யாரும் எங்கேயும் எதுவும் அனுப்பக்கூடாதுன்னு சட்டம் வரப்போகுது. உங்க கையெழுத்தைக் கேட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்."

"கேட்டிருக்காங்க."

"போடப்போறீங்களா?"

"இப்பப் போடல."

"அப்ப காரணம் அது இல்லைன்னு சொல்லுங்க. உங்க வார்த்தையைக் கேப்பாங்க."

"அதையும் இப்பச் சொல்ல முடியாது, அம்மா. எனக்கு மூணு மாசம் வேணும்."

ஸபீனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உம்மா உங்களைப் பத்திச் சொன்னது சரிதான்," என்றாள். ஆமினா இறந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஒரு சைக்கிளைச் சரிவில் விட்டால் அது எப்படிப் போகும் என்று கேட்டாள் யூனிஸ். ஸபீனா புரியாமல் நிமிர்ந்தாள்.

"மொதல்ல மெதுவா. போகப் போக வேகம். நடுவழியில ஒரு தடவை பார்த்து, சைக்கிள் இங்க இருக்குன்னு சொன்னா, எப்பக் கையை விட்டாங்கன்னு கண்டுபிடிக்க முடியாது. இப்ப என்ன வேகத்துல போகுதுன்னும் தெரியணும். ரெண்டும் தெரிஞ்சா கணக்குப் போட்டுடலாம். சோடியை இதுவரைக்கும் ஒரு தடவைதான் பார்த்திருக்காங்க. நடுவுல பல வருஷம் யாரும் பார்க்கவே இல்லை. நம்ம செய்தி போய்ச் சேர்ந்த நேரத்துலதான் பிடி விட்டுச்சுன்னு எல்லாரும் வச்சுக்கிட்டாங்க. யாரும் அளக்கல."

"அளந்து, அதே நேரம்தான்னு வந்தா?"

"வந்தா கையெழுத்துப் போடுவேன்."

ஸபீனா எழுந்து போய்விட்டாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்தாள். ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்துவிட்டது, வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்றாள்.

மேகமலையின் இயக்குநராக அப்போது இருந்தவள் நப்பின்னை. யூனிஸ் கேட்டுக்கொண்டதற்காக, விண்வெளித் தொலைநோக்கியில் தினம் அரைமணி நேரம் வாங்கிக்கொடுத்தாள். அது எளிதாகக் கிடைக்கவில்லை. முடிந்துபோன விஷயத்துக்கு எதற்கு நேரம் என்று பலர் கேட்டார்கள். அளவுகள் நாள்தோறும் யூனிஸின் கணினிக்கு வந்தன. அவள் காலையில் அவற்றைச் சரிபார்த்துச் சேர்த்துவைப்பாள். பார்வை மங்கிவிட்டதால் எழுத்தைப் பெரிதாக்கித்தான் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸபீனா வந்து பக்கத்தில் உட்காருவாள். முதல் சில வாரங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. பிறகு, வாப்பா எப்படி இருப்பார் என்று கேட்டாள். அவளுக்கு அவர் முகமே நினைவில் இல்லை, புகைப்படத்தில் பார்த்ததுதான். யூனிஸ் சொன்னாள். கணக்குப் போடும்போது சத்தமாகப் பாடுவார், சுருதி சேரவே சேராது. மத்தியானம் அறைத் தரையில் படுத்துத் தூங்குவார், செருப்பைத் தலைக்கு வைத்துக்கொள்வார். மகள் பிறந்த அன்று எடையைக் கேட்டுக்கொண்டு வந்து, வெள்ளைச் சோடியிலிருந்து ஒரு கடுகு அளவு எடுத்தாலும் குழந்தையைவிடக் கனமாக இருக்கும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஸபீனா அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்பதற்கு முன்பே கண் கலங்கிவிட்டது.

வேறு ஒரு நாள், உங்களுக்கு அவரோடு சண்டையா என்று கேட்டாள். இல்லை என்றாள் யூனிஸ். சண்டை போட்டிருந்தால் தனக்கு எளிதாக இருந்திருக்கும் என்றாள்.

மூன்று மாதம் ஆவதற்கு முன்பே வேகம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. யூனிஸ் கணக்கைப் போட்டாள். மறுபடி போட்டாள். நப்பின்னைக்கு அனுப்பி, யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். நப்பின்னைக்கும் அதே விடைதான் வந்தது.

ஸபீனா வந்ததும் நப்பின்னையையும் திரையில் வரவழைத்துவிட்டு, யூனிஸ் விஷயத்தைச் சொன்னாள். செய்தியைக் கேட்டு அவர்கள் என்ன செய்திருந்தாலும் அது நம் கண்ணில் படக்கூடிய நேரத்துக்கு மூன்று வருஷம் முன்னாலேயே, பிடி விட்ட காட்சி நம்மை எட்டியிருக்க வேண்டும். அங்கே நம் செய்தி போய்ச் சேருவதற்கு மூன்று வருஷம் முன்பே அவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். அதுவும் நழுவி விட்ட மாதிரி இல்லை. சோடி துளி ஆட்டம் இல்லாமல், சுத்தமாகத் தன்பாட்டுக்கு விடப்பட்டிருக்கிறது.

"அப்ப வாப்பா செய்தி..."

"அது போய்ச் சேரும்போது அங்க யாரும் தாங்கிக்கிட்டு இல்ல. ஏன் விட்டாங்கன்னு தெரியாது. வேலை முடிஞ்சு போயிருக்கலாம். வேற எதாவது ஆகியிருக்கலாம். ஆனா அதுக்கும் உன் வாப்பாவுக்கும் சம்பந்தம் இல்ல."

ஸபீனா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு, யூனிஸ் எழுதியனுப்பிய அறிக்கையை இன்றைக்கே வெளியிட்டுவிடலாம் என்றாள் நப்பின்னை. தான் தனியாக அனுப்பிய பத்தியையும் சேர்க்க வேண்டும் என்றாள் யூனிஸ்.

"அது வேண்டாம் மேடம்," என்றாள் நப்பின்னை. "நான் படிச்சேன். கேள்விக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"இருக்கு."

என்ன பத்தி என்று ஸபீனா கேட்டாள். யூனிஸ் சொல்வதற்குள் அவளே மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. காஜா அனுப்பச் சொன்னது, செய்தி போனதற்கு நாலு வருஷம் முன்னால். அவர்கள் விட்டது, செய்தி சேருவதற்கு மூன்று வருஷம் முன்னால்.

"அவர் சொன்னப்பவே அனுப்பியிருந்தா," என்றாள் ஸபீனா மெதுவாக, "அவங்க அங்க இருந்திருப்பாங்க."

"ஒரு வருஷம் மிச்சம் இருந்திருக்கும்."

"கேட்டிருப்பாங்களா?"

"தெரியாது. கேக்குறதுக்கு ஆள் இருந்திருக்கும்."

வெளியே யாரோ பழைய பேப்பர் கேட்டுக் குரல் கொடுத்துக்கொண்டு போனார்கள்.

"அந்தப் பத்தியை எழுத வேண்டாம், ஆன்ட்டி," என்றாள் ஸபீனா. "வாப்பா மேல பழி இல்லன்னு சொன்னாப் போதும். எனக்கு அதுக்கு மேல வேண்டாம்."

யூனிஸ் தலையசைத்து மறுத்தாள். சட்டம் வரப்போவது கூப்பிட்டது தவறு என்ற நம்பிக்கையில். தவறு அது இல்லை, தாமதம்தான் என்று தெரிந்தபிறகு அதை மறைத்தால் சட்டம் எப்படியும் வந்துவிடும் என்றாள். அறிக்கை அந்தப் பத்தியோடுதான் வெளியானது.

சட்டம் கைவிடப்பட்டது. காயல்பட்டினத்தில் புதுப் பலகை வைத்தார்கள். அந்த மாமியார், அடுத்த மருமகளைக் கூட்டிக்கொண்டு, எதுவுமே நடக்காத மாதிரி ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். பாளையங்கோட்டையில் நிருபர்கள் யூனிஸின் வாசலில் நின்றார்கள். கிடைக்காத அந்த ஒரு வருஷத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதினார்கள். அவளைக் கோழை என்றவர்களும் உண்டு. சபையில் அவள் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தார்கள். நாலு வருஷம் பொறுத்தது தவறான முடிவு அல்ல என்பதும் அவளுக்குத் தெரியும், அதனால் போனது என்ன என்பதும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள், தூங்கினாள். தூக்கம் முன்பு போல வரவில்லை.

ஸபீனா வருவதை நிறுத்தவில்லை. நிருபர்கள் நின்ற ஒரு வாரம், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து கூடவே தங்கினாள். உம்மா இருந்திருந்தால் இந்த அறிக்கையைப் படித்துத் திருப்தி அடைந்திருப்பார், தனக்கு அப்படி எதுவும் வரவில்லை என்று ஒரு நாள் சொன்னாள்.

ஒரு வருஷம் கழித்து நப்பின்னை நேரிலேயே வந்தாள். ஸபீனாவும் அன்று அங்கே இருந்தாள். மழைக்காலம். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தவள், உட்காராமலே சொன்னாள். அதே தொலைநோக்கி இன்னொரு மங்கலான வெள்ளைச் சோடியைப் பார்த்திருக்கிறது. வானத்தில் வேறு பக்கம். அறுபது ஒளியாண்டுக்கு மேல். ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு சுற்று. எடைகளை அளந்தாகிவிட்டது. நெருங்க வேண்டிய வேகமும் தெரியும். ஒரு வருஷமாகக் கவனிக்கிறார்கள். நெருங்கவில்லை.

யூனிஸ் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள்.

"அவங்களேவா?" என்று கேட்டாள் ஸபீனா.

இருக்க வாய்ப்பு குறைவு, தூரமும் காலமும் பொருந்தவில்லை, வேறு யாராவதாக இருக்கலாம் என்றாள் நப்பின்னை. யாருமே இல்லாமலும் இருக்கலாம். குழு கையெழுத்து விதியைக் கைவிடவில்லை, கொஞ்சம் மாற்றியிருக்கிறது. இந்த விஷயத்தில் அனுபவம் உள்ளவர் என்று மூன்று பேரின் கையெழுத்து வேண்டும் என்றிருக்கிறார்கள். இரண்டு பேர் போட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆள் யூனிஸ். அவள் என்ன சொல்கிறாள் என்று குழு காத்திருக்கிறது.

யூனிஸ் அளவுகளைக் கேட்டு வாங்கினாள். பெரிய எழுத்தில் ஒவ்வொன்றாகப் படித்தாள். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. ஸபீனா எழுந்து போய் அதைச் சூடாக்கிவந்து வைத்தாள். அதுவும் ஆறியது.

"மூணாவது ஒண்ணு இல்லைன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் யூனிஸ்.

"தெரியாது மேடம். இன்னும் மூணு நாலு வருஷம் பார்க்கணும்."

"ஆமா. பார்க்கணும்."

ஸபீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நப்பின்னை கொண்டுவந்திருந்த சம்மதத் தாளை யூனிஸ் மேசையில் வைத்துப் படித்தாள். இந்தச் சோடியை யாரோ தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று நான் உறுதி கூறுகிறேன், எனவே செய்தி அனுப்பச் சம்மதிக்கிறேன் என்று அச்சிட்டிருந்தது. பேனாவை எடுத்து முதல் வரியை அடித்தாள். இரண்டாவது வரியில் 'எனவே' என்ற சொல்லையும் அடித்தாள்.

"யாரோ தாங்குறாங்கன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள். "அது எனக்குத் தெரியாது. கூப்பிடலாம்னு போடுறேன்."

இப்படிப் போட்டால் குழு ஏற்குமா என்று நப்பின்னைக்குத் தெரியவில்லை. ஆனாலும் தாளை மடிக்காமல், நனையாமல், பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். குழு இரண்டு நாள் விவாதித்து ஏற்றுக்கொண்டது.

செய்தி போனது ஒரு புதன்கிழமை மத்தியானம். அதன் பதில் வருகிற காலத்தில் அவர்கள் மூவரில் யாரும் இருக்கப்போவதில்லை. ஸபீனா அன்று யூனிஸின் வீட்டில் இருந்தாள். தொலைக்காட்சியில் ஒரு பெரிய ரேடியோத் தட்டைக் காட்டினார்கள். அது அசையாமல் நின்றது, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம் காட்டிவிட்டு வேறு செய்திக்குப் போய்விட்டார்கள்.

ஸபீனா திரும்பிப் பார்த்தாள். யூனிஸ் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஸபீனா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். அவளை எழுப்பவில்லை.